கல்யாண வீடு: கோமோ ஏரிக்கரையில் ஒரு பழைய வில்லாவின் கதை

பெங்களூரில் "வில்லா" என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். சர்ஜாபூர் ரோட்டில் ஒரே அச்சில் வார்த்த நாற்பது வீடு, நடுவில் ஒரு நீச்சல் குளம், வாசலில் செக்யூரிட்டி, மாதாமாதம் கண்ணைக் கட்டும் பராமரிப்புக் கட்டணம். ஆனால் அந்த வார்த்தை ரோமானியர்களுடையது. அவர்களுக்கு வில்லா என்றால் ஊருக்கு வெளியே, மரம் மட்டையோடு இருக்கும் வீடு. நகரத்தில் ஆணி பிடுங்குகிறவன் கோடையில் போய் மூச்சு விடுகிற இடம். இத்தாலியில் இந்தப் பழக்கத்துக்கு வயது இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல்.

இந்தப் பதிவு அப்படி ஒரு வீட்டைப் பற்றியது. பெயர் வில்லா டெல் பல்பியானெல்லோ. "எது?" என்று முழிக்க வேண்டாம். தீபிகா படுகோன் - ரன்வீர் சிங் கல்யாணம் நடந்த வீடு என்றால் சட்டென்று பிடிபடும். 2018 நவம்பர் 14, 15 என்று இரண்டு நாள். முதல் நாள் கொங்கணி முறையில், மறுநாள் சிந்தி முறையில். தீபிகா இந்த ஊரில் வளர்ந்த பெண் என்பதால் எங்கள் அடுக்ககத்தில் அந்த வாரம் முழுக்க வேறு பேச்சே கிடையாது. அதற்கு முந்தின வருஷம் டிசம்பரில்தான் விராட் கோலியும் அனுஷ்காவும் டஸ்கனியில் ஒரு பழைய கிராமத்து மாளிகையில் கல்யாணம் செய்துகொண்டிருந்தார்கள். "அப்படி என்னதாங்க இருக்கு அந்த ஊர்ல?" என்று தங்கமணி கேட்டார். எங்கள் மேல்மாடிப் பெரியவரோ ஒரே வரியில் முடித்துவிட்டார்: "என்ன சார், எவ்வளவு பெரிய வம்சத்து வீடா இருந்தாலும் கடைசியில கல்யாண மண்டபமா ஆக்கிடறாங்க."

அந்த ஏளனம் எனக்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டது. அந்த வீட்டின் கதையைத் தேடிப் படித்தேன். அடுத்த வருஷம் அலுவலக வேலையாக மிலான் போனபோது கிடைத்த ஒரே ஞாயிற்றுக்கிழமையையும் அதற்கே செலவழித்தேன். படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மிலானிலிருந்து கோமோ ஊருக்கு ரயிலில் முக்கால் மணி நேரம் கூட ஆகாது. அங்கிருந்து ஏரியின் மேற்குக் கரையோரமாகப் பஸ். கோமோ ஏரி தலைகீழாகப் போட்ட ஒய் எழுத்து மாதிரி இருக்கும். ஆழம் 400 மீட்டருக்கு மேல். கரையை ஒட்டியே மலை எழுந்து நிற்பதால் ரோடு ஒரு கயிறு அகலம்தான். எதிரே இன்னொரு பஸ் வந்தால் நம் டிரைவர் பின்னால் எடுத்து, கண்ணாடியை மடக்கி, அந்த ஆளோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் நகர்கிறார். லென்னோ என்ற சின்ன ஊரில் இறங்க வேண்டும். ஏரிக்குள் மூக்கு நீட்டியது மாதிரி லவேதோ என்று ஒரு காட்டுக் குன்று. அந்த மூக்கின் நுனியில் வீடு. படகில் போகலாம், இல்லையென்றால் குன்றின் வழியாக நடக்கலாம். நான் நடந்தேன்.

இந்த ஏரிக்கரையில் வீடு கட்டும் ஆசை புதிதில்லை. இங்கே கோமோவிலேயே பிறந்த ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி, 1900 வருஷங்களுக்கு முன்னால் இதே ஏரியில் தனக்கு இருந்த இரண்டு வீடுகளுக்குப் பெயர் வைத்திருந்தார். பாறை மேல் உயரத்தில் இருப்பது "துன்பியல்", தண்ணீரை ஒட்டித் தாழ்வாக இருப்பது "இன்பியல்". அவர் காலத்து நாடகத்தில் துன்பியல் நடிகர்கள் உயரமான காலணியும் இன்பியல் நடிகர்கள் தட்டையான செருப்பும் போடுவார்கள், அதனால் அந்தப் பெயர். நம்ம ஆட்கள் வீட்டுக்கு "அம்மா இல்லம்" என்று போர்டு வைப்பதெல்லாம் ஜுஜுபி :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். இனி கொஞ்சம் கொசுவர்த்தி.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து இந்த மூக்கு நுனியில் ஒரு பிரான்சிஸ்கன் மடம் இருந்தது. இன்றைக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு குட்டி மணிக்கூண்டுகள் நிற்கின்றனவே, அவை அந்த மடத்துக் கோயிலுடையவை. 1780-களில் கார்டினல் ஆஞ்சலோ மரியா துரினி என்பவர் இங்கே வந்தார். போலந்தில் போப்பாண்டவரின் தூதராக இருந்தவர், 1776-ல் கார்டினல் ஆனவர், புத்தகப் பிரியர். எதிரே இருக்கும் கொமாசினா தீவைத்தான் அவர் முதலில் வாங்க நினைத்தார். அது படியவில்லை. அதனால் இந்த மடத்து இடத்தை வாங்கி, 1787 வாக்கில் வில்லாவாக மாற்றினார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கார்டினலுக்குப் பக்கத்திலேயே பல்பியானோ என்று இன்னொரு பெரிய வீடு இருந்தது. தங்குவதற்கு அது. பல்பியானெல்லோ என்றால் "சின்ன பல்பியானோ" என்று அர்த்தம். குன்றின் உச்சியில் அவர் கட்டியது ஒரு திறந்த மண்டபம், இத்தாலியர்கள் லோஜியா என்பார்கள். மூன்று வளைவுகள். ஒரு பக்கம் நின்றால் தீவு தெரியும், திரும்பி நின்றால் ஏரியின் மறுபாதி தெரியும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு அறை. இலக்கிய நண்பர்களைக் கூட்டி வைத்துப் பேச, வாசிக்க, பாட்டுக் கேட்க இடம். மிலானின் பெரிய கவிஞர் ஜுசெப்பே பரீனி இந்தக் கார்டினலுக்கு நன்றி சொல்லி ஒரு கவிதையே எழுதியிருக்கிறார் என்றால் அவர் எப்படிப்பட்ட உபசாரி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதாவது, மேல்மாடிப் பெரியவருக்கு நான் சொல்ல விரும்பும் முதல் பதில் இதுதான்: இந்த வீட்டை யாரும் பிற்பாடு மண்டபமாக ஆக்கவில்லை. இங்கே கார்டினல் முதலில் நினைத்ததே மண்டபத்தைத்தான்.

1796-ல் கார்டினல் காலமானார். வீடு அவருடைய உறவினர் லூயிஜி போர்ரோ லம்பர்தெங்கியிடம் போனது. இனிமேல் இங்கே கூடியவர்கள் பேசியது இலக்கியம் மட்டுமில்லை.

நெப்போலியன் வீழ்ந்த பிறகு மிலானும் அதைச் சுற்றிய லொம்பார்தியும் மறுபடி ஆஸ்திரியாவின் கைக்குப் போயின. அப்போது இத்தாலி என்று ஒரு நாடே இல்லை. போர்ரோ பிரபு வம்சம், ஆனால் புது விஷயங்களில் பைத்தியம். போ நதியில் நீராவிப் படகு விட முயன்றவர்களில் ஒருவர். 1818-ல் தன் நண்பர்களோடு சேர்ந்து ஒரு பத்திரிகைக்குப் பணம் போட்டார். நீல நிறத் தாளில் அச்சாகும். மேலுக்கு இலக்கியம், உள்ளுக்குள் விடுதலைப் பேச்சு. ஆஸ்திரியத் தணிக்கை அதை ஒரு வருஷத்துக்கு மேல் விட்டுவைக்கவில்லை, 1819-ல் மூடிவிட்டார்கள். அதற்கு எழுதியவர்களில் முக்கியமானவர் சில்வியோ பெல்லிக்கோ. இவர்தான் போர்ரோவின் பிள்ளைகளுக்கு வீட்டு வாத்தியாரும் கூட.

அந்தக் காலத்தில் கார்பொனாரி என்று ஒரு ரகசிய இயக்கம் இருந்தது. வார்த்தைக்குக் கரி சுடுபவர்கள் என்று அர்த்தம். படகு வந்தால் தூரத்திலேயே தெரிகிற, கரையிலிருந்து ஒதுங்கிய இந்த மூக்கு நுனி அவர்கள் கூடுவதற்கு எவ்வளவு தோதான இடம் என்று லோஜியாவில் நின்று பார்த்தால் தெரியும். 1820 அக்டோபரில் பெல்லிக்கோவைக் கைது செய்தார்கள். மரண தண்டனை விதித்து, பிறகு அதைப் பதினைந்து வருஷக் கடுஞ்சிறையாகக் குறைத்து, இன்றைய செக் நாட்டில் இருக்கும் ஸ்பீல்பெர்க் கோட்டையில் அடைத்தார்கள். 1830-ல் வெளியே வந்த மனுஷன், 1832-ல் "என் சிறைவாசங்கள்" என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு புத்தகம் எழுதினார். அதில் பெரிதாக வசவு எதுவும் கிடையாது. நடந்ததை அமைதியாகச் சொன்னார், அவ்வளவுதான். ஆஸ்திரியாவுக்கு ஒரு போரில் தோற்றதைவிட அந்தப் புத்தகத்தால் நஷ்டம் அதிகம் என்பார்கள்.

போர்ரோ தப்பித்துவிட்டார். 1821-ல் நாட்டை விட்டு ஓடினார். ஆள் இல்லாமலேயே வழக்கு நடத்தி மரண தண்டனை கொடுத்தார்கள். கிரேக்க விடுதலைப் போர் வரைக்கும் போய்விட்டு, 1840 வாக்கில்தான் மன்னிப்பு கிடைத்து ஊர் திரும்பினார். கிட்டத்தட்ட இருபது வருஷம். கையெழுத்துப் போட்டு வேலைக்கு வந்த நமக்கே ஊர் ஞாபகம் வந்தால் தொண்டை அடைக்கிறது. திரும்பினால் தூக்கு என்று தெரிந்துகொண்டு இருபது வருஷம் வெளியே இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

வீடு அவருடைய நண்பர் ஜுசெப்பே அர்கொனாத்தி விஸ்கொந்தியின் குடும்பத்துக்குப் போனது. அவரும் அதே கட்சிக்காரர், அவரும் அதே 1821-ல் நாட்டை விட்டு ஓடியவர், அவருக்கும் அதே மரண தண்டனை. ஆனால் அவருக்குப் பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில், காஸ்பேக் என்ற கோட்டை சொத்தாக வந்திருந்தது. நாடு கடந்த இத்தாலியர்களுக்கு அது சத்திரம் மாதிரி ஆயிற்று. பல்பியானெல்லோவின் தோட்டத்தையும் லோஜியாவையும் அழகுபடுத்தியது இந்தக் குடும்பம்தான். விஸ்கொந்தி குலச் சின்னத்தை இப்போதும் இங்கே பார்க்கலாம்.

இவருடைய மகன் மரி பெய்ரா என்ற பிரெஞ்சுப் பெண்ணை 1873-ல் மணந்தார். பெண்ணின் அப்பா குடியரசுக் கட்சிப் பத்திரிகையாளர், பெரிய சொத்து பத்து கிடையாது. மூன்றே வருஷத்தில், 1876-ல், கணவர் இறந்துவிட்டார். கோட்டை, வில்லா, பணம் எல்லாம் அந்தப் பெண்ணின் கையில். அவருடைய வாழ்க்கை பாரீஸிலும் காஸ்பேக்கிலும்தான். பல்பியானெல்லோ பூட்டிக் கிடந்தது. ஒரு வருஷம் இரண்டு வருஷமல்ல, முப்பது வருஷம் போல.

பூட்டிய வீடு என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊரில் ஒரு வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, சாவியை இங்கே பீரோவில் வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! முதலில் ஓடு நகரும், அப்புறம் ஒழுகும், அப்புறம் உத்திரம் போகும். ஏரிக்கரையில் ஈரம் வேறு. இந்த வீட்டின் மொத்தக் கதையிலும் ஆபத்தான காலம் ஆஸ்திரியப் போலீஸ் துரத்திய காலம் இல்லை. யாருமே வராத இந்தக் காலம்தான்.

அந்த அம்மாவைத் தப்பாகச் சொல்லவும் மனம் வரவில்லை. தன் கலைப் பொருட்களை லூவ்ர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார், பாரீஸ் பல்கலைக்கழகத்துக்கு அள்ளிக் கொடுத்தார், 1921-ல் காஸ்பேக் கோட்டையையே பெல்ஜிய அரசுக்கு எழுதி வைத்தார். அது இப்போது அருங்காட்சியகம். இரண்டு வீட்டில் ஒன்றுதான் அவர் மனதில் இடம் பிடித்தது போல.

பல்பியானெல்லோவை 1919-ல் ஓர் அமெரிக்கர் வாங்கினார். பட்லர் ஏம்ஸ். மாசசூசெட்ஸிலிருந்து பத்து வருஷம், 1903 முதல் 1913 வரை, அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருந்தவர், தொழிலதிபர். தாத்தா, அப்பா இருவரும் அமெரிக்க உள்நாட்டுப் போரின் தளபதிகள். காசு இருந்தது, ஆசையும் இருந்தது. கூரையைச் சரி செய்து, தோட்டத்தை மீட்டெடுத்தார். அவருடைய வாரிசுகளிடமிருந்து 1974-ல் வாங்கியவர்தான் கடைசிச் சொந்தக்காரர், குய்தோ மொன்சீனோ.

இந்த மனுஷனுக்குத் தனிப் பதிவே போடலாம். 1928-ல் மிலானில் பிறந்தவர். அப்பா ஸ்டாண்டா என்ற பெரிய பல்பொருள் கடை வரிசையை உருவாக்கியவர். மகனுக்குக் கடையைவிட மலையில்தான் நாட்டம். இருபதுக்கும் மேற்பட்ட பயணங்களை நடத்தினார். 1971-ல் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் வடதுருவம் போனார். 1973-ல் எவரெஸ்டுக்கு முதல் இத்தாலியக் குழுவைக் கூட்டிப்போனார். ராணுவ உதவி, ஹெலிகாப்டர் என்று ஏகப்பட்ட ஏற்பாடு. அந்த மே மாதம் 5-ம் தேதியும் 7-ம் தேதியுமாக எட்டுப் பேர் உச்சியைத் தொட்டார்கள். ஐந்து இத்தாலியர், மூன்று நேபாளத்தவர். குழுத் தலைவரான மொன்சீனோ உச்சிக்குப் போகவில்லை, கீழே இருந்து மற்றவர்களை ஏற்றிவிட்டார்.

அடுத்த வருஷம் இந்த வீட்டை வாங்கினார். பயணங்களில் சேர்த்ததை எல்லாம் கொண்டுவந்து வைத்தார். வடதுருவம் போன வண்டி, எஸ்கிமோக்கள் என்று முன்னால் அழைக்கப்பட்ட இனுயிட் மக்களின் தந்தச் செதுக்கல்கள், சீன, ஆப்பிரிக்கக் கலைப் பொருட்கள். கார்டினலின் லோஜியாவுக்கு இரு புறமும் இருந்த அறைகளில் ஒன்று மலைப் புத்தகங்களின் நூலகம், மற்றது வரைபட அறை. நான் போனபோது வரைபட அறையில்தான் அதிக நேரம் நின்றேன். அந்த மேஜையைப் பார்த்தால், மனுஷன் இப்போதுதான் எழுந்து வெளியே போயிருக்கிறார் என்று தோன்றும்.

ஆனால் 1970-களின் இத்தாலி பணக்காரர்களுக்கு நிம்மதியான நாடு இல்லை. ஆள் கடத்தல், தீவிரவாதம். எண்ணெய்ச் சீமான் கெட்டியின் பேரனை ரோமில் கடத்திக் காதை அறுத்தது 1973-ல். மொன்சீனோ வீட்டுக்குள் ரகசிய வழிகள் வைத்திருந்தார். புத்தக அலமாரி, சுரங்கப் பாதை என்று நம்ம பழைய எம்ஜிஆர் படம் மாதிரி. ஒரு காலத்தில் ரகசியமாகக் கூட வந்தார்கள், இப்போது ரகசியமாக ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரே வீடுதான், காலம்தான் வேறு.

இப்படிப் பயந்து பயந்து கதவைச் சாத்திய மனிதர்தான், 1988-ல் இறக்கும்போது, அந்தக் கதவை எல்லோருக்கும் திறந்துவிட்டுப் போனார். வீட்டை, அதில் இருந்த அத்தனையையும், குன்றின் பெரும் பகுதியையும் சேர்த்து ஃபாய் என்ற அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். இத்தாலியின் பழைய வீடுகளையும் நிலங்களையும் காப்பாற்ற 1975-ல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. தோட்டத்தில், அந்தக் காலத்தில் ஐஸ் கட்டிகளைச் சேமித்து வைத்த பழைய அறையில்தான் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். பனியைத் தேடி உலகம் சுற்றியவருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எது?

சரி, எழுதி வைத்தாயிற்று. அதற்கப்புறம்? அங்கேதான் கல்யாணம் வருகிறது.

இந்தத் தோட்டத்தில் சமதளமே கிடையாது, எல்லாம் பாறைச் சரிவு. லோஜியாவின் தூண்களில் படரும் கொடியைக் கோலம் போட்டது மாதிரி வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பெரிய ஓக் மரத்தைக் குடை போல உருண்டையாக வெட்டியிருக்கிறார்கள். அதற்குத் தோட்டக்காரர்கள் மலையேறுகிறவர்கள் மாதிரி கயிறு கட்டிக்கொண்டு ஏற வேண்டும். படிக்கல், கூரை, படகுத் துறை, அந்தச் சீனக் குதிரை, இந்தப் புத்தகம் என்று எல்லாவற்றுக்கும் காசு வேண்டும், அதுவும் ஒவ்வொரு வருஷமும். டிக்கெட், உறுப்பினர் சந்தா, நன்கொடை இவற்றோடு சினிமாவும் கல்யாணமும் அந்தக் கணக்கில் வருகின்றன. 2002-ல் வந்த "ஸ்டார் வார்ஸ்" படத்தில் அனகினும் பத்மேயும் கல்யாணம் செய்துகொண்டது இந்த மாடத்தில்தான். 2006-ல் "கசினோ ராயல்" படத்தில் ஜேம்ஸ் பாண்ட் உடம்பு தேறியதும் இங்கேதான். அப்புறம் நிஜக் கல்யாணங்கள்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. பெரிய விசேஷம் நடக்கும் நாளில் சாதாரண ஜனத்துக்கு உள்ளே இடமில்லை. கார்பொனாரிகள் கூடிய இடம் என்பது மறந்து, ஃபோட்டோவுக்குப் பின்னணி என்ற அளவில் வீடு சுருங்கிப்போகும். நான் போன அன்றே, லோஜியாவில் நின்ற இருபது பேரில் பதினெட்டுப் பேர் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார்கள்.

ஆனால் கார்டினலின் இன்னொரு வீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் தங்கிய அந்தப் பெரிய பல்பியானோவும் நன்றாகத்தான் இருக்கிறது. 2021-ல் வந்த "ஹவுஸ் ஆஃப் குச்சி" படத்தைக் கூட அங்கே எடுத்தார்கள். அதுவும் விசேஷங்களுக்கு வாடகைக்குப் போகிறது. ஆனால் அது தனியார் சொத்து. முழு வீட்டையும் வாடகைக்கு எடுப்பவர்கள் உள்ளே போகலாம், நம்மைப் போன்றவர்கள் படகிலிருந்து பார்க்கலாம். ஒரே மனிதரின் இரண்டு வீடு, இரண்டிலும் கல்யாணம். ஒன்றில் வாடகை சொந்தக்காரருக்குப் போகிறது. மற்றதில் கூரைக்கும் தோட்டத்துக்கும் போகிறது, மறுநாள் காலை டிக்கெட் வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் உள்ளே நடக்கலாம். சில நாள் கதவைச் சாத்துவதால்தான் மற்ற நாளெல்லாம் அந்தக் கதவு திறந்திருக்கிறது.

அதனால் மண்டபம் ஆனதில் தப்பில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: வாடகை யாருக்குப் போகிறது, விசேஷம் முடிந்த மறுநாள் வாசல் யாருக்குத் திறக்கிறது. துறவிகள், கார்டினல், கவிஞர்கள், கலகக்காரர்கள், ஜெனரல்கள் வீட்டுப் பிள்ளை, மலையேறி என்று இந்த வீட்டுக்கு எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள். ஆள் கூடிய காலமெல்லாம் நன்றாக இருந்திருக்கிறது. அதைச் சாகடிக்கப் பார்த்தது ஒரு பூட்டு மட்டும்தான்.

மேல்மாடிப் பெரியவரிடம் இதையெல்லாம் ஒரு நாள் லிஃப்டில் சொன்னேன். பன்னிரண்டாவது மாடி வருவதற்குள் கார்டினல் வரைக்கும்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதிவிட்டேன், அவருக்குச் சுட்டி அனுப்ப வேண்டும். உங்களில் யாராவது மிலான் பக்கம் போனால் ஒரு நாள் ஒதுக்குங்கள். படகை விட்டுவிட்டு நடந்தே போங்கள். அப்புறம், லோஜியாவில் ஃபோட்டோ எடுத்து முடித்ததும் கொஞ்ச நேரம் ஏரிப் பக்கமும் திரும்பி நில்லுங்கள்.